எம் 61 கேலக்ஸியில் புதுப் புள்ளி: சூப்பர்நோவாவா, கேமரா கோளாறா?

மாடிவானம் (சென் பியேர், ரெயூனியன்), 2020 மே 9
வணக்கம். படபடப்போடு எழுதுகிறேன். ஊரடங்கில் வீட்டைவிட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால் வழக்கமான பிளேன் தே காஃப்ர் மலை இல்லை. மொட்டைமாடியிலேயே 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கியை வைத்தேன். நிலா எழுவதற்குள் எம் 61ஐ 30 நொடிப் படங்களாக 40 எடுத்துச் சேர்த்தேன். மையத்தைவிட்டுத் தள்ளி ஒரு புள்ளி. பிப்ரவரியில் நானே எடுத்த படத்தில் அந்த இடம் வெறுமை. பிரகாச எண் 15ஐ ஒட்டி இருக்கும் (எண் கூடினால் மங்கல்). சூப்பர்நோவா, அதாவது வெடித்த விண்மீன், என்று உடனே அறிவிக்கலாமா? தவறாக அறிவித்துப் பெரிய தொலைநோக்கிக்காரர்களின் நேரத்தை வீணடிக்க மனமில்லை.

தர்பன்வாசி
தம்பி, இன்னும் யாருக்கும் அனுப்பாதே. முதலில் அந்த 40 படங்களையும் தனித்தனியாகத் திற. ஒன்றில் மட்டும் இருந்தால் விண்வெளியிலிருந்து வந்து சென்சாரில் மோதிய காஸ்மிக் கதிர். எல்லாவற்றிலும் இருந்தால் ஹாட் பிக்சலா (சென்சாரில் பழுதாகி எப்போதும் ஒளிரும் புள்ளி) என்று பார்க்க வேண்டும். படத்துக்குப் படம் தொலைநோக்கியைச் சிறிது நகர்த்தினாயா? நகர்த்தியிருந்தால் ஹாட் பிக்சல் சென்சாரில் அதே இடத்தில் நிற்கும், நிஜமான புள்ளி விண்மீன்களோடு சேர்ந்து நகரும்.

பழைய படத்தோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. 2014 அக்டோபரில் ஜப்பானின் கோயிச்சி இடாகாகி இதே கேலக்ஸியில் 2014டிடி என்ற சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார். அந்தச் சமயத்துப் படம் கையில் சிக்கினால் குழம்பிப்போவாய். 1926 முதல் எம் 61ல் ஏழு சூப்பர்நோவாக்கள் பதிவாகியிருக்கின்றன, அதனால் உன் சந்தேகத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது.

மாடிவானம்
நகர்த்தித்தான் எடுத்தேன் அண்ணா. 40லும் இருக்கிறது, விண்மீன்களோடுதான் போகிறது. வானத்தைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து வைத்த பழைய வான் அளவைப் படத்திலும் அங்கே ஒன்றும் இல்லை.

கியூர்பீப்_அக்கா
இங்கே மொரீஷியஸில் மேகம், என்னால் எடுத்துப் பார்க்க முடியவில்லை. தம்பி, சிறுகோளை மறந்துவிடாதீர்கள். எம் 61 இருப்பது கன்னி ராசியில், சூரியப் பாதைக்குப் பக்கம். சிறுகோள் என்றால் ஒரு மணி நேரத்தில் இடம் மாறிவிடும் என்பார்கள். ஆனால் கன்னிப் பக்கம் சூரியனுக்கு எதிரே இருந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. அங்கே இருக்கும் பல சிறுகோள்கள் இப்போது வக்ரம் (பின்னோக்கிப் போவதுபோல் தெரிவது) முடிந்து நேர்கதிக்குத் திரும்புகிற கட்டம். அப்போது கிட்டத்தட்ட நின்றதுபோல் தெரியும். நாளை இரவும் எடுங்கள். சிறுகோள் பட்டியலிலும் அந்த இடத்தைத் தேடுங்கள்.

1779 மே மாதம் பிரெஞ்சு வானியலாளர் மெசியே இதே எம் 61ஐப் பார்த்து, தான் பின்தொடர்ந்த வால்மீன் என்றே எண்ணினார். அது நகரவில்லை என்று தெரியச் சில இரவுகள் ஆயின. இந்தக் கேலக்ஸியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

மாடிவானம், மே 10
இன்றும் வானம் திறந்தது. அதே இடம், ஒரு பிக்சல்கூட மாறவில்லை! பட்டியலில் அங்கே சிறுகோளும் இல்லை. அனுப்பட்டுமா?

தர்பன்வாசி
புதிதாகத் தெரியும் விண்புள்ளிகளைப் பதிவு செய்யும் டிரான்சியன்ட் நேம் சர்வர் இணையதளத்தில் உன் புள்ளியின் ஆயங்களை (வானில் அதன் இட எண்களை) போட்டுத் தேடினேன். அது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, பெயர் 2020ஜேஎஃப்ஓ. கலிபோர்னியாவில் பாலோமார் மலையில் இருக்கும் ஸ்விக்கி வானளவை மே 6ல் பிடித்திருக்கிறது. நிறமாலையும் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு) எடுத்தாகிவிட்டது: ஹைட்ரஜன் கோடுகள் உண்டு, அதாவது இரண்டாம் வகை, கனத்த விண்மீன் ஒன்றின் உள்மையம் நொறுங்கியது. இதை உன்னிடம் முதலிலேயே தேடச் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள். நிறமாலை இல்லாதவரை ஏடி (வானில் புதிதாகத் தோன்றியது) என்றுதான் பெயர் தொடங்கும்; உறுதியான பிறகே எஸ்என் (சூப்பர்நோவா). இது எஸ்என்.

மாடிவானம்
மூன்று நாள் பிந்திவிட்டேன். படித்ததும் கொஞ்ச நேரம் மாடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அம்மாவை எழுப்பிப் படத்தைக் காட்டினேன். 5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் என்றதும் திரையைத் தொட்டுப் பார்த்தார். சரி அண்ணா, இனி நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

தர்பன்வாசி
நிறைய இருக்கிறது. வானம் திறக்கும் இரவெல்லாம் எடு. இரண்டாம் வகையில் எத்தனை நாள் பிரகாசம் ஒரே மட்டத்தில் நிற்கிறது, எப்போது சரிகிறது என்பதை வைத்துத்தான் வெடித்த விண்மீனின் வெளியுறை எவ்வளவு கனம் என்று கணக்கிடுவார்கள். எப்போதும் ஒரே ஃபில்டர் (நிற வடிகட்டி), பிரகாசத்தை ஒப்பிட அதே விண்மீன்கள். புள்ளிக்கு அடியில் இருக்கும் கேலக்ஸியின் ஒளியைக் கழிக்காமல் அளக்காதே. அதற்கு உன் பிப்ரவரிப் படம் தங்கம், அழித்துவிடாதே.

கியூர்பீப்_அக்கா
இங்கேயும் மேகம் விலகுகிறது. நானும் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன்.