கூடூ மானைத் தவிர வேறு எதை வேட்டையாடலாம்?

அன்பர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில், தனியார் வேட்டைப் பண்ணையொன்றுக்கு வரும் குளிர்காலத்தில் கூடூ மான் வேட்டைக்குச் செல்லவிருக்கிறேன். சென்ற முறை, உபரியாகச் சேர்த்துக்கொண்ட வார்ட்ஹாக் பன்றிதான், உள்ளபடியே சொன்னால், கூடூவைவிட அதிக மகிழ்ச்சியைத் தந்தது. முன்னங்கால்களை மடக்கி முழந்தாளிட்டு மேயும் அது தலையை நிமிர்த்தும்போதெல்லாம் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். சந்தேகம் தட்டிவிட்டால், வாலைக் கொடிக்கம்பம்போல் நட்டுக்கொண்டு ஓடி, ஆர்ட்வார்க் எனும் கறையான்தின்னி விலங்கு தோண்டிய வளைக்குள் பின்பக்கமாகப் புகுந்துவிடும். (அழகற்ற விலங்கென்று அதை ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை.)

இம்முறை அந்நாட்டின் கிழக்குக் கேப் மாகாண மலைகளில் சாம்பல் ரீபோக் மானையும் தேடிப்பார்க்க எண்ணுகிறேன். சுமார் 20 கிலோ எடையே உள்ள, மேட்டுப் புல்வெளிகளில் சிறு கூட்டங்களாக வாழும் இந்த மான் எந்நேரமும் விழிப்பாக இருப்பதால், தொலைவிலிருந்தே சுட வேண்டியிருக்கும் என்கிறார்கள். என்னிடமுள்ள 308 ரகத் துப்பாக்கியே போதுமா, அல்லது அதைவிடச் சிறிய குண்டுடைய 243 ரகத்தை எடுத்துச் செல்வது நல்லதா? மலைக்காற்றில் குறி விலகுவதை எவ்வாறு கணிக்கிறீர்கள்? புஷ்பக் (bushbuck) எனும் புதர்க்காட்டு மான்போல, எதிர்பாராமல் உங்களை வியக்கவைத்த வேறு விலங்குகள் இருப்பின், எந்தப் பகுதியில் என்பதையும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்.