யானையை 31 துண்டாகப் பிரிக்க இங்க்ஸ்கேப்பில் என்ன வழி?

அல்சூர்_அம்மு:
வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் எழுத்துச் சொல்லித் தருகிறேன். வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும்தான், அதனால் எழுத்து மட்டும் தெரியாது. அவர்களுக்காக 3 மி.மீ. பிளைவுட்டில் 40 செ.மீ. அகலத்தில் ஒரு யானைப் புதிர் செய்யப் போகிறேன். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 துண்டு. துண்டுக்கு ஓர் எழுத்து.

இங்க்ஸ்கேப் என்கிற கம்ப்யூட்டர் வரைபட மென்பொருளில் யானையை வரைந்து, அதன்மேல் பென் டூலால் வளைகோடுகளும் போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து பாத் (path, அதாவது கோட்டு வடிவம்) மெனுவில், ஒன்றை இன்னொன்றால் வெட்டிப் பிரிக்கும் டிவிஷன் கொடுத்தால், சரியாக இரண்டு பாத்தான் வேண்டும் என்று நின்றுவிடுகிறது. ஒவ்வொரு கோடாக வெட்டினால் அடுத்த கோட்டுக்கு வருவதற்குள் யானை பல துண்டாகிவிடுகிறது, ஒவ்வொன்றையும் தனியாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே முறையில் முடியாதா?

கோட்டுப்புள்ளி:
முடியும் அக்கா. யானையை விட்டுவிட்டு கோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+கே அழுத்துங்கள். அதுதான் கம்பைன். எத்தனை கோடு இருந்தாலும் இப்போது ஒரே பாத். அப்புறம் யானையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து டிவிஷன் கொடுங்கள்.

கோடுகள் மேலே, யானை கீழே இருக்க வேண்டும், மேலே இருப்பதுதான் கத்தி. யானை குரூப்பாக இருந்தால் முதலில் அன்குரூப் செய்து, ஒரே பாத்தாக ஆக்கிக்கொள்ளுங்கள். கோட்டின் இரு நுனியும் யானையின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீளட்டும். உள்ளேயே நின்றுவிட்டால் அந்த இடத்தில் துண்டு பிரியாது.

பீன்யா_கட்டிங்:
பிளைவுட்டை வெட்ட லேசர் கட்டிங் கடைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள் அம்மா. எங்கள் மிஷினுக்கு இப்படி டிவிஷன் செய்த ஃபைல் நிறைய வருகிறது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே விளிம்புதான், ஆனால் ஃபைலில் அது இரண்டு கோடு. லேசர் அதே இடத்தில் இரண்டு முறை ஓடும். மரம் கருகும், இடைவெளி அகலும், துண்டுகள் லொடலொடவென்று ஆடும். வெட்டும் நேரத்துக்குத்தான் காசு என்பதால் செலவும் கூடும்.

வெட்டுவதற்கு யானையின் வெளிக்கோடும் உங்கள் வளைகோடுகளும் போதும். யானையைச் சுற்றி மிஞ்சும் பலகையைத் துண்டுகளை அடுக்கும் தட்டாக வைத்துக்கொள்வதானால், வெட்டும் ஃபைலில் கோட்டு நுனிகளை விளிம்போடு நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பலகையிலும் கீறல் விழும்.

அல்சூர்_அம்மு:
கம்பைன் வேலை செய்தது, ரொம்ப நன்றி தம்பி. ஆனால் பிரிக்கவே வேண்டாம் என்றால், எழுத்தை ஒவ்வொரு துண்டின் நடுவிலும் எப்படி வைப்பது அண்ணா? கண்ணால் பார்த்து வைத்தால் ஓரத்துக்கு ஓடுகிறது.

பீன்யா_கட்டிங்:
ஃபைலில் இரண்டு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்கு) வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பிரித்த யானை. அந்தந்தத் துண்டோடு எழுத்தை அலைன் செய்து நடுவில் நிறுத்த மட்டும் அது. இன்னொன்றில் வெட்டுக்கோடுகளும் எழுத்துகளும். அனுப்பும்போது பிரித்த லேயரை அழித்துவிடுங்கள்.

எழுத்துகளை பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து, கோட்டு வடிவமாக மாற்றியே அனுப்புங்கள். கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் தமிழ் ஃபான்ட் இல்லாவிட்டால் எழுத்து மாறிப்போகலாம், கட்டம் கட்டமாகவும் தெரியலாம். வரிசையையும் கடையில் சொல்லிவிடுங்கள்: முதலில் எழுத்துப் பொறிப்பது, அடுத்து உள்கோடுகள், வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் யானை பலகையிலிருந்து கழன்று நகர்ந்துவிடும், மற்ற வெட்டெல்லாம் தள்ளி விழும்.