மறுமொழி: எம்பாடீட் எனர்ஜி – ‘உள்ளுறை ஆற்றல்’ பொருந்தாது, ‘அடக்க ஆற்றல்’ என்று வைப்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். நம் கட்டுமானக் கலைச்சொல் தொகுப்புக்காக நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே மறுமொழி எழுதுகிறேன். எம்பாடீட் எனர்ஜி (embodied energy) என்பது, ஒரு கட்டுமானப் பொருளைச் செய்து கொண்டுவந்து சேர்க்கச் செலவான ஆற்றல்.

> எம்பாடீட் எனர்ஜிக்கு ‘உள்ளுறை ஆற்றல்’ என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். சொல்லும் அழகாக இருக்கிறது. அதையே நிலைநிறுத்திவிட்டால் என்ன?

அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தவறான பொருளைத் தருகிறது. மாற்றுப் பொருள்களால் வீடு கட்டுவதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தச் சொல்லைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். மண்கல் நல்லதா, சுட்ட கல் நல்லதா என்ற கேள்விக்கே இதில்தான் விடை இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி இயற்பியலில் ‘உள்ளுறை வெப்பம்’ படித்திருக்கிறோம். பனிக்கட்டி உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த நீர் மறுபடி உறையும்போது அதே வெப்பத்தை வெளியே விடுகிறது. உள்ளே உறைந்திருக்கிறது, வேண்டும்போது திரும்பி வருகிறது என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். செங்கல்லில் அப்படி எதுவும் இல்லை. மண்ணை வெட்டி, பிசைந்து, அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் அடுக்கிச் சுட்டு, லாரியில் ஏற்றி மனைக்குக் கொண்டுவந்து இறக்கும்வரை செலவான ஆற்றலைத்தான் எம்பாடீட் எனர்ஜி என்கிறார்கள். அந்த ஆற்றல் கல்லுக்குள் இல்லை. சூளைப் புகையாகவும் சூடாகவும் எப்போதோ போய்விட்டது. கல்லை உடைத்தாலும் எரித்தாலும் அது திரும்பி வராது. ‘உள்ளுறை ஆற்றல்’ என்று படிக்கும் மாணவர், செங்கல்லை ஒருவகை மின்கலம் என்று நினைத்தால் குற்றம் நம்முடையது.

அன்பர் ஒருவர் சொன்ன ‘பொதிந்த ஆற்றல்’, இன்னொருவரின் ‘அகப்பொதிவு ஆற்றல்’ இரண்டுக்கும் இதே குறை உண்டு. ‘உற்பத்தி ஆற்றல்’ ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் ஆலைக்கு வெளியே நடக்கும் போக்குவரத்தை அது விட்டுவிடுகிறது. ‘ஆற்றல் உற்பத்தி’ என்று புரட்டிப் படிக்கவும் இடம் தருகிறது.

செலவாகிப் போனது, ஆனாலும் அந்தப் பொருளின் பேரில் கணக்கில் நிற்பது. இந்தக் கருத்துக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. அடக்க விலை என்கிறோமே! கொள்முதல், வண்டிக்கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்ந்து ஒரு பொருள் நம் கைக்கு வந்து சேர என்ன ஆனதோ அது அடக்க விலை. அந்தப் பணம் பொருளுக்குள் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. “அடக்கமே இவ்வளவு ஆகிறது” என்று வியாபாரி சொன்னால் எல்லாருக்கும் புரிகிறது. பணத்துக்குச் சொல்வதை ஆற்றலுக்கும் சொன்னால் போதும்: அடக்க ஆற்றல்.

> ‘அடக்கம்’ என்றால் பணிவு, நல்லடக்கம், அடக்குமுறை என்றெல்லாம் மனம் போகாதா?

தனிச்சொல்லாக நின்றால் போகலாம். தொடராகும்போது போவதில்லை. பொருளடக்கத்தைப் புரட்டுகிறவர் யாரும் பணிவை நினைப்பதில்லை, அடக்க விலை கேட்கிறவர் இறுதிச் சடங்கை நினைப்பதில்லை. ‘அடக்கு ஆற்றல்’ என்று வினைத்தொகையாக்கினால்தான் சிக்கல், ஒடுக்கும் ஆற்றல் என்றாகிவிடும். ‘அடக்க’ என்றே எழுதுவோம்.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, தன் கூடவே ஒரு கேள்வியையும் கொண்டுவருவது. அடக்க விலை இது என்று ஒருவர் சொன்னவுடன், “வண்டிக்கூலி சேர்த்தா, சேர்க்காமலா?” என்று கேட்கிறோம். கட்டடத் துறையிலும் முதலில் கேட்க வேண்டியது அதுவே. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் தொகுத்த பட்டியலில் சாதாரணச் செங்கல்லுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 3 மெகாஜூல் என்று இருக்கிறது. அது ஆலை வாசல் வரைக்குமான கணக்கு. மூன்று கிலோ எடையுள்ள ஒரு கல்லுக்கு 9 மெகாஜூல் ஆகிறது, அதாவது இரண்டரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒற்றைச் செங்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பத்து வாட் எல்இடி விளக்கு இருநூற்றைம்பது மணி நேரம் எரியத் தேவையான ஆற்றல் அதன் பேரில் செலவாகியிருக்கிறது. சூளைக்குச் சூளை இந்த எண் மாறும். விறகா நிலக்கரியா, கல் கனமா உள்கூடா என்பதைப் பொறுத்து நிறையவே மாறும். அந்தக் கல்லை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் கொண்டுவந்தால் அடக்கம் மேலும் ஏறும்.

இந்த எல்லையைக் குறிக்க ஆங்கிலத்தில் கிரேடில் டு கேட், கிரேடில் டு கிரேவ் என்கிறார்கள். தொட்டில், கல்லறை என்று அப்படியே பெயர்ப்பது எனக்கு உவப்பில்லை; கல்லுக்கும் கம்பிக்கும் ஏன் தொட்டில்? ‘ஆலைவாசல் அடக்கம்’, ‘மனையடி அடக்கம்’, ‘ஆயுள் அடக்கம்’ என்று மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, மண்ணோ கனிமமோ தோண்டியது முதல் ஆலை வாசல் வரை. இரண்டாவது, அதோடு வண்டியும் கட்டுமான வேலையும் சேர்ந்தது. மூன்றாவது, இடைக்காலப் பழுதுபார்ப்பும் கடைசியில் இடித்து அப்புறப்படுத்துவதும் சேர்ந்தது. ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 15978 கட்டடத்தின் வாழ்நாளை ஏறக்குறைய இப்படித்தான் படிகளாகப் பிரிக்கிறது.

> அடக்க ஆற்றல் சரி. எம்பாடீட் கார்பனுக்கு என்ன செய்வது? ‘அடக்கக் கரிமம்’ என்று போட்டுவிடலாமா?

இங்கேதான் நிதானிக்க வேண்டும். எம்பாடீட் கார்பன் என்பது, ஒரு பொருளைச் செய்து கொண்டுவரும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களின், அதாவது உமிழ்வின் கணக்கு. ஆற்றலும் உமிழ்வும் ஒன்றல்ல, சிமென்ட்டைப் பார்த்தால் தெரியும். அதற்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். சூளையைச் சூரிய ஒளியிலேயே ஓட்டினாலும் இந்த 44 குறையாது. அது எரிபொருளின் புகை அல்ல, கல்லே விடும் மூச்சு. சிமென்ட்டின் மொத்த உமிழ்வில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவதுதான், மீதி உலையை ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுபோக எரிப்பதால் வருவது. உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 7 முதல் 8 விழுக்காடு வரை சிமென்ட்டின் பங்கு என்று கணக்கிடுகிறார்கள். எனவே ஒரு பொருளின் அடக்க ஆற்றல் குறைவாக இருந்தும் அடக்க உமிழ்வு கூடுதலாக இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும்.

கார்பன் என்று ஆங்கிலத்தில் சுருக்கிச் சொன்னாலும் அளப்பது உமிழ்வைத்தான். ஆகவே ‘அடக்க உமிழ்வு’ என்பதே தெளிவு. ‘கரிமம்’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. மூங்கில், மரம், வைக்கோல் கட்டு போன்றவற்றில் கரிமம் உண்மையிலேயே உள்ளே இருக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம்தான். மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துச் சேர்த்தது அது. உத்தரமாக வீட்டில் நிற்கும்வரை அங்கேயே இருக்கும், மக்கினாலோ எரிந்தாலோ வெளியே போகும். ஸ்டோர்டு கார்பன் என்கிற இதற்குத்தான் ‘உள்ளுறை கரிமம்’ அச்சாகப் பொருந்துகிறது. உள்ளுறை வெப்பத்தைப் போலவே உள்ளே உறைந்து, பின்னால் வெளிவருவது. ‘உள்ளுறை’யை நாம் இழக்கவில்லை, அதற்குரிய இடத்தில் வைக்கிறோம். ஒரே வைக்கோல் சுவருக்கு அடக்க உமிழ்வு இவ்வளவு, உள்ளுறை கரிமம் இவ்வளவு என்று குழப்பமில்லாமல் எழுதலாம்.

> ‘பழைய பொருளுக்கு அடக்க ஆற்றல் பூச்சியம்’ என்று எழுதியிருந்தார்கள். சரியா?

பூச்சியம் இல்லை. வழக்கமாக எடுக்கும் முறையில், பழைய பொருளைச் செய்ய முதலில் ஆன செலவு முதல் கட்டடத்தின் பேரிலேயே நின்றுவிடுகிறது. கழற்றுவது, சுத்தம் செய்வது, ஏற்றிவருவது மட்டும் புது வீட்டின் பேரில் ஏறும். அதனால் மறுபயன்பாட்டையும் மறுசுழற்சியையும் ஒன்றாகப் போட்டு எழுதும் பழக்கத்தை நாம் விட வேண்டும். பழைய சன்னலைக் கழற்றி அப்படியே மாட்டுவது மறுபயன்பாடு. பழைய அலுமினியச் சட்டத்தை உருக்கி மறுபடி வார்ப்பது மறுசுழற்சி. அதற்கும் உலை வேண்டும். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே ஆகும் என்பது அலுமினியத்தின் சிறப்பு. கான்கிரீட்டை உடைத்துச் சாலைக்கு அடியில் கொட்டுவது மூன்றாவது வகை. அந்த ஜல்லி மறுபடி சிமென்ட் ஆகாது, தரம் ஒரு படி இறங்கிவிட்டது. டவுன்சைக்கிளிங் என்கிற இதற்குத் ‘தரமிறங்கு சுழற்சி’ என்று முன்பு ஒருவர் முன்வைத்ததை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

மறுபயன்பாட்டில் காரையின் பங்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரைப் பிரித்தால் கல் முழுசாகக் கையில் வரும். ஒட்டியிருக்கும் காரை கல்லைவிட மென்மையானது, கொத்தனார் கரண்டியின் விளிம்பால் தட்டினாலே பொருக்காக உதிரும். சுத்தம் செய்த இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமான ஓசை வந்தால் உள்ளே விரிசல், அதைத் தளத்துக்குப் போடலாம், சுவருக்கு வேண்டாம். கெட்டியான சிமென்ட் காரையில் கட்டிய சுவரிலோ காரை கல்லைவிட வலுவாகப் பிடித்திருக்கும். தட்டினால் உடைவது கல். நல்ல கல்லெல்லாம் அரைக்கல்லும் கால்கல்லுமாகி, கடைசியில் இடிபாட்டுக் குவியலுக்குப் போகிறது. இன்று கட்டும்போது எந்தக் காரை போடுகிறோம் என்பது, பிற்காலத்தில் அந்தக் கல்லை யாராவது எடுத்தாள முடியுமா என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. ‘பிரித்தெடுக்கத்தக்க கட்டுமானம்’ என்ற தொடரும் நம் தொகுப்பில் இடம்பெற வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான்.

டயர் வீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மைக்கேல் ரெனால்ட்ஸ் 1970களில் தொடங்கிவைத்த எர்த்ஷிப் வீடுகளில், பழைய டயருக்குள் மண்ணைச் சம்மட்டியால் இடித்து நிரப்பிச் சுவராக அடுக்குகிறார்கள். நிரம்பிய டயர் ஒன்று நூறு கிலோவைத் தாண்டும், தூக்கி வைக்க முடியாது. சுவரில் வைத்த இடத்திலேயேதான் இடித்தாக வேண்டும். அடக்க ஆற்றல் மிகக் குறைவு, மனித உழைப்போ மிக அதிகம். உழைப்பை ஆற்றல் கணக்கில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஆனால் மாற்றுக் கட்டுமானத்தைப் பற்றி எழுதும்போது அதைத் தனியாகவாவது சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. செலவு குறைவு என்று நம்பி இறங்கி, பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு.

கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய இரண்டு முறைகளுக்கும் பெயர் உறுதியாக வேண்டும். கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவதற்கு ‘எலிப்பொறிக் கட்டு’ என்பது புழக்கத்தில் வந்துவிட்டது, மாற்ற வேண்டாம். ஏறத்தாழ கால்வாசிக் கல் மிச்சமாகும் அந்தக் கட்டில் அடக்க ஆற்றலும் அந்த அளவுக்கு இறங்கும். இரண்டாவது முறை கூரைக்கு. கான்கிரீட் கூரைத் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்கு அதில் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய கூரை ஓடுகளை வைத்து வார்ப்பதற்கு ‘நிரப்போட்டுத் தளம்’ என்று முன்மொழிகிறேன். மண்ணை அச்சுக்குள் இடித்து இறுக்கி எழுப்பும் ரேம்டு எர்த் சுவருக்கு ‘திமிசு மண்சுவர்’. மண்ணை இடித்து இறுக்கும் திமிசுக்கட்டை என்ற கருவிப்பெயர் கொத்தனார் வாயில் ஏற்கெனவே இருக்கும்போது ‘அடர்த்தியூட்டப்பட்ட புவிச்சுவர்’ போன்றவற்றுக்குப் போக வேண்டியதில்லை.

> அப்படியானால் ஆபரேஷனல் எனர்ஜி ‘இயக்க ஆற்றல்’தானே?

கூடவே கூடாது. நகரும் பொருளுக்கு உள்ள ஆற்றலான கைனடிக் எனர்ஜிக்கு அந்தச் சொல் பாடநூல்களில் எப்போதோ வேரூன்றிவிட்டது. ஆபரேஷனல் எனர்ஜியோ, வீட்டில் குடியிருக்கும்போது விளக்குக்கும் விசிறிக்கும் குளிரூட்டிக்கும் மாதந்தோறும் ஆகும் ஆற்றல். அடக்க விலைக்குப் பக்கத்தில் கணக்குப் பதிவில் நிற்பது நடப்புச் செலவு. அதே வழியில் ‘நடப்பு ஆற்றல்’ எனலாம். அடக்க ஆற்றல், நடப்பு ஆற்றல் என்று இணையாக நிற்கும்போது ஒரு வாக்கியத்தை எவ்வளவு எளிதாக எழுத முடிகிறது பாருங்கள்: ‘தடித்த திமிசு மண்சுவர் பகல் வெயிலை மெதுவாக உள்ளே விடுவதால், பகலில் சுட்டு இரவில் குளிரும் இடங்களில் நடப்பு ஆற்றல் குறைகிறது, மண் அருகிலேயே கிடைத்தால் அடக்க ஆற்றலும் குறைகிறது, ஆனால் வலுவுக்காகச் சிமென்ட்டைக் கூட்டக் கூட்ட அடக்க உமிழ்வு ஏறுகிறது.’ கட்டடத்தைப் பற்றிப் பேச வேண்டியதில் பாதி இதிலேயே வந்துவிட்டது.

தொகுப்பில் சேர்க்க ஒரு வரையறை தருகிறேன், திருத்துங்கள்:

அடக்க ஆற்றல் – ஒரு கட்டுமானப் பொருளை அல்லது கட்டடத்தை உருவாக்க, மூலப்பொருளை எடுப்பது முதல் குறிப்பிட்ட ஒரு கட்டம் வரை செலவான மொத்த ஆற்றல். எந்தக் கட்டம் வரை (ஆலைவாசல், மனையடி, ஆயுள்) என்பதைச் சேர்த்தே குறிப்பிட வேண்டும். அலகு: கிலோவுக்கு அல்லது சதுர மீட்டருக்கு மெகாஜூல்.

‘நடப்பு ஆற்றல்’ மட்டும் எனக்கு இன்னும் முழு நிறைவாக இல்லை. ‘தற்போதைய ஆற்றல்’ என்று யாரேனும் படித்துவிடுவார்களோ என்று தோன்றுகிறது. ‘புழங்கு ஆற்றல்’ அதைவிட மேலா? கணக்கியலும் இயற்பியலும் கற்பிக்கும் நண்பர்கள் இந்த ஒன்றைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும். மற்றவற்றுக்கு மறுப்பு வராவிட்டால் வரும் வாரமே தொகுப்பில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.