மறு: எண்டோஸ்கோப்பிக் ஹீமோஸ்டாசிஸ் – தமிழ்ச் சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
குழுமத்தார்க்கு வணக்கம். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் வெடித்துக் குருதி போகும் நோயாளிகளிடம் எண்டோஸ்கோப்பிக்கு முன் கையொப்பம் பெறும் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குழாய்க் கருவியால் உள்ளே பார்த்தபடியே குருதியை நிற்கச் செய்யும் ‘எண்டோஸ்கோப்பிக் ஹீமோஸ்டாசிஸ்’ என்பதற்கு ‘அகநோக்கிவழிக் குருதியடைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

தமிழாசிரியர்:
அம்மா, ‘அகநோக்கி’ நன்று. ‘குருதி’யையும் விட்டுவிடாதீர்கள். ‘குருவும் கெழுவும் நிறன் ஆகும்மே’ என்னும் தொல்காப்பிய உரியியல் நூற்பாவை எண்ணினால், அது நிறத்தால் பெயர்பெற்ற சொல் என்பதே என் துணிபு. குறுந்தொகையின் முதற்பாட்டும் காந்தளைக் ‘குருதிப் பூ’ என்கிறது. ‘அடைப்பு’ வேண்டா, ‘குருதிக்கட்டு’ என்க. ‘முன்சிறுகுடல்’ எனக்கு நிறைவு தரவில்லை. அதன் ஆங்கிலப் பெயரான ‘டியோடினம்’ பன்னிரு விரல் அகலம் என்னும் அளவால் இலத்தீனில் வந்தது; ‘பன்னிருவிரற்குடல்’ என்றால் மூலப்பொருள் காக்கப்படும்.

குடல்நோய் மருத்துவர்:
ஐயா, பாடநூலில் ஊன்றிவிட்ட ‘முன்சிறுகுடலை’ அப்படியே விட்டுவிடுவோம். ‘குருதிக்கட்டு’ ஆகாது, ஏனெனில் புண்ணின் மேல் ஒட்டிக்கிடக்கும் உறைகட்டியையே அது குறிப்பதாகப்படும். இத்தகைய புண்களைத் தரம்பிரிக்க 1974இல் வெளியான ஃபாரஸ்ட் வகைப்பாட்டில், பீறிட்டு அடிக்கும் குருதி, ஊறிக் கசியும் குருதி, துருத்தி நிற்கும் குருதிக்குழாய் ஆகியவற்றுக்குப் பின் வருவது அந்தக் கட்டிதான். ‘அடைப்பு’ என்றாலோ மாரடைப்பு நினைவுக்கு வந்து கையெழுத்திடவே அஞ்சுவார்கள். நாங்கள் 10,000இல் ஒரு பங்காக நீர்த்த அட்ரினலினைப் புண்ணைச் சுற்றி ஊசியால் செலுத்துகிறோம். திசு உப்பிக் குழாயை நெருக்கும், குழாயும் சுருங்கும், ஆனால் அப்பலன் நிலைக்காது என்பதால், அதோடு விடாமல் உலோகக் கிளிப்பால் குழாயைக் கவ்வுகிறோம், அல்லது சூடு வைக்கிறோம். குருதி தானாக நிற்பது தன்வினை. இங்கே நிறுத்துபவர் ஒருவர் இருக்கிறார். ‘நிறுத்தல்’ என்னும் பிறவினையே வேண்டும். மலம் தார்போலக் கறுத்துப் போகிறது என்று பதறி வருபவருக்கு எண்டோஸ்கோப்பி தெரியும், அகநோக்கி தெரியாது.

தமிழாசிரியர்:
‘நிறுத்தல்’ எனக்கும் உடன்பாடே. ஆனால் தெரியாது என்று எழுதாமலே விட்டால் எக்காலத்தும் தெரியாது. ‘மாரடைப்பு’ என்பதும் அச்சில் கண்டு பழகிய சொல்தானே?

செவிலியர்:
ஐயா, பழகுவதற்குச் செய்தித்தாளில் இடமுண்டு. இரவு இரண்டு மணிக்கு, தந்தை இரத்த வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது படிவத்தைப் படிக்கும் மகனுக்கு அந்த அவகாசம் இல்லை. அவருக்கு ‘இரத்தம்’ என்றே எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
பெரும்பான்மையை ஏற்று, ‘எண்டோஸ்கோப்பி வழியாக இரத்தக்கசிவை நிறுத்தும் சிகிச்சை’ என்று அனுப்புகிறேன்.

குடல்நோய் மருத்துவர்:
பீறிடுவதைக் கசிவு என்பது ஆபத்தைக் குறைத்துக் காட்டும். ‘இரத்தப்போக்கு’ என்றால் பெண்கள் மாதவிடாய் என்று கொள்கிறார்கள் என்பதும் உண்மை. வேறு சொல் கிடைக்கவில்லையென்றால், ‘கசிவு அல்லது பெருக்கு’ என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

தமிழாசிரியர்:
படிவம் அப்படியே போகட்டும். கலைச்சொல் பட்டியலில் ‘அகநோக்கிவழிக் குருதிநிறுத்தல்’ என்பதே என் பரிந்துரை. அதை மாற்ற உடன்படேன்.