நார்வே போதகர் வெர்கெலாண்ட்: தரங்கம்பாடி மலருக்கு ஒரு பக்கம் எழுத விவரம் வேண்டும்

பொறையாறு வாசகன்:
நிக்கோலாய் வெர்கெலாண்ட் 1814 நார்வே அரசியலமைப்புச் சபையில் இருந்தவர். போதகர் வேலையை விட்டுவிட்டா அரசியலுக்குப் போனார்? நம்ம ஊரோடு ஏதாவது தொடர்பு உண்டா?

கடைமடையான்:
விடவே இல்லை. அந்தக் காலத்தில் அங்கே லுத்தரன் சபை அரசாங்கத்துச் சபையாக இருந்தது, சபை ஐயர் அரசு ஊழியர் மாதிரி. 1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கையில் டென்மார்க் ராஜா நார்வேயை ஸ்வீடனுக்கு எழுதிக்கொடுத்தார். நார்வேக்காரர்கள் ஒப்பவில்லை. சொந்த அரசியலமைப்பு எழுதும் சபைக்கான தேர்தலே கோயிலில்தான்: ஜெபம், பிரசங்கம், நாட்டின் சுதந்திரத்துக்கு உயிரும் தருவோம் என்று சபையார் சத்தியம், பிறகு அந்தந்த ஊர்த் திருச்சபை தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும். அவர்கள் கூடி மாவட்டத்துக்கு மூன்று பேரை அனுப்பவேண்டும், அதில் ஒருவராவது விவசாயி. எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் கூடியது 112 பேர். வடகோடியிலிருந்து ஒருவரும் இல்லை. தூரத்துக்கு நாள் போதவில்லை. நகரங்களுக்குக் கணக்கு வேறு: கிறிஸ்தியான்சாண்ட் நகரம் அனுப்பிய இருவரில் வெர்கெலாண்ட் ஒருவர். சொந்தமாக ஒரு அரசியலமைப்பு வரைவும் கொடுத்தார். ஆனால் ஸ்வீடனோடு சேர்வதே நல்லது என்ற சிறுபான்மைப் பக்கம் நின்றார். ‘விடுதலை வீரர்’ என்று தலைப்பு வைத்தால் பொருந்தாது.

டான்ஸ்போர்க் வாசல்:
தொடர்பு இருக்கு, ஆனா சுத்தி வரணும். கூட்டம் நடந்த மாளிகை கார்ஸ்டன் ஆங்கருடையது. அவர் அண்ணன் பீட்டர் ஆங்கர் 1788 முதல் 1806 வரை தரங்கம்பாடி கவர்னர், நார்வேக்காரர். வெர்கெலாண்டுக்கும் நம்ம ஊருக்கும் நேரடியா எதுவும் இல்லை, இழுத்துக் கட்டாதீங்க. இன்னொன்று: நார்வே கைமாறியபோது தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையிலேயே இல்லை. 1808 முதல் 1815 வரை கோட்டை பிரிட்டிஷாரிடம். 1845ல் விலைக்கே போனது.

மணிக்கூண்டு:
மூன்று இடத்தில் வழுக்கும், பார்த்து எழுதுங்க சார். 1814ல் வெர்கெலாண்ட் எய்ட்ஸ்வோல் போதகர் இல்லை. 1817ல்தான் அந்த ஊருக்கு மாற்றலானார். படம் தேடினால் மகன் ஹென்ரிக் முகம்தான் முதலில் வரும். அவர் கவிஞர், இறையியலும் படித்தவர், 1808–1845. அப்பா 1780–1848. மாற்றி அச்சடித்துவிடாதீர்கள்.

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். யூதர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்ற அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவை எய்ட்ஸ்வோல் சபையில் ஆதரித்துப் பேசியவர்களில் நிக்கோலாயும் உண்டு. அதை நீக்கச் சொல்லிக் கடைசிவரை போராடியவர் இதே ஹென்ரிக். 1851ல் நீக்கினார்கள். அப்பா, மகன் இருவருமே அதைப் பார்க்க இல்லை. பக்கத்தில் பாதியை இதற்கே ஒதுக்கலாம்.

பொறையாறு வாசகன்:
படம் மாறித்தான் எடுத்து வைத்திருந்தேன்! ஒரு பக்கம் போதாது, ஆசிரியரிடம் இரண்டு கேட்கிறேன்.