லயத்து அறைக்குப் பதில் மூன்று சென்ட் மனையா? தேவிகுளத்திலிருந்து ஒரு கேள்வி

கொழுந்துக்காரி மகள்:
வரும் மார்ச்சில் அம்மாவுக்கு 58 வயது முடிகிறது. கேரளத்துத் தேவிகுளத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்ற கணக்கில் பணிக்கொடை 525 நாள் கூலி வரும், அதோடு சேமநிதி. பணம் வேண்டுமென்றால் லயத்தை, அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்து சாவியைக் கொடு என்கிறது நிர்வாகம். இல்லையென்றால் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிய வேண்டும். தம்பி பி.காம். முடித்துத் திருப்பூரில் வேலை செய்கிறான். ஒரு அறையையும் ஒரு அடுப்படியையும் காப்பாற்ற அவன் திரும்பி வந்து மருந்தடிக்க வேண்டுமா?

போன ஞாயிற்றுக்கிழமை, மலைக்குக் கீழே தமிழ்நாட்டுப் பக்கமுள்ள போடியிலிருந்து ஒரு மனைத் தரகர் லயத்து வாசலுக்கே வந்துவிட்டார். எங்கள் வரிசையில் இந்த ஆண்டு யார் யார் ஓய்வு பெறுகிறார்கள் என்பது எங்களைவிட அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. போடியில் மூன்று சென்ட் மனை, முன்பணம் ஐம்பதாயிரம், பேருந்து நிலையம் ஐந்து நிமிடம் என்றார். அம்மா அன்று இரவு தூங்கவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் பத்து சென்ட் கேட்க வேண்டிய குடும்பத்தை, அந்த உழைப்பின் கடைசிப் பணத்தைக் கொண்டே மலையை விட்டு இறக்குகிற வேலை இது. இதற்குச் சொந்த வீடு என்று பேர் வைக்கிறார்கள்.

போடிமெட்டுக்காரன்:
தங்கச்சி, உன் கோபம் நியாயம். ஆனாலும் வாங்கு என்றுதான் சொல்வேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும். நான் 2009இல் மலையை விட்டு இறங்கினேன். முதல் நான்கு ஆண்டுகள் வாடகை வீடு. அப்பா இறந்தபோது, காரியம் முடியும்வரை பந்தல் போடக்கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னார். அந்த அவமானத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இரண்டரை சென்ட் வாங்கிக் கட்டினேன். இன்று என் பேரில் பட்டா இருக்கிறது, வீட்டுவரி ரசீது இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முகவரி கேட்டால் என் மகள் தயங்காமல் சொல்கிறாள். லயத்தில் நமக்கு முகவரி என்று என்ன இருந்தது? தோட்டத்தின் பேரும் டிவிஷன் பேரும்தான்.

கம்பம் பத்திர எழுத்தர்:
இருபது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறேன். வாங்கு, வாங்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பிறகு 2016 அக்டோபர் 20க்கு முன் ஒரு மனையாவது பதிவாகியிருந்த பிரிவுகளை மட்டும் வரன்முறை செய்துகொள்ள, அதாவது பின்னால் அங்கீகாரம் வாங்கிக்கொள்ள, வழி வைத்தார்கள். அதற்குப் பின்னால் தோட்டத்தையும் வயலையும் கல் நட்டுப் பிரித்தவர்கள், 'வரன்முறைக்குப் போட்டிருக்கிறோம்' என்ற ஒரே சொல்லை வைத்து வியாபாரம் செய்கிறார்கள். மலையிலிருந்து வருபவர்கள்தான் அதை நம்புகிறார்கள். தாய்ப்பத்திரம் கேட்கத் தெரியாது, வில்லங்கச் சான்று பார்க்கத் தெரியாது. கூட்டுப் பட்டாவில் மூன்று சென்ட் வாங்கிவிட்டுத் தனிப் பட்டாவுக்கு அலைந்து, கட்டாமலேயே செத்துப்போன ஒரு பெரியம்மாவுக்கு வாரிசுச் சான்றுக்கான மனுவை எழுதியது என் கைதான்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் 2016இல் வந்ததுதான். ஆனால் 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. நம் பக்கத்துச் சின்ன வியாபாரிகள் அந்த அளவுக்குள்ளேயே துண்டு போடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற கள அலுவலர்:
நான் தோட்டத்தில் வேலை பார்த்தவன். இங்கே யாரும் பேசாத பக்கத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு தொழிலாளிக்கும் பத்து சென்ட் என்று கேட்பது எளிது. மலைச்சரிவைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் அவரவர் மண்ணை வெட்டிச் சமன் செய்து வீடு கட்டுவார்கள். ஓடை மறியும், சரிவு இளகும். பெட்டிமுடி மண்சரிவை மறந்துவிட்டீர்களா? தோட்டம் பிழைத்தால்தான் கூலி. வீடு தர வேண்டிய கடமையை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் மேல் வைத்தது. வேலையோடு வந்த வீடு வேலையோடு முடிகிறது. அரசு ஊழியர் குடியிருப்பிலும் அதுதானே நடைமுறை?

கொழுந்துக்காரி மகள்:
ஐயா, பெட்டிமுடியை நாங்கள் மறக்க மாட்டோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு எழுபது பேர் போனார்கள். நான்கு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர்கள் அங்கே குடியிருக்க இடம் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. லயம் எங்கே கட்டப்பட்டதோ அங்கே படுத்திருந்தார்கள். அதன் பிறகு எட்டுக் குடும்பங்களுக்கு மூணாறு அருகே குற்றியாறுவாலியில் நிலமும் வீடும் கிடைத்தன. அப்படியானால் இடம் இருக்கிறது. எழுபது பேர் சாகும் வரைக்கும் அது யார் கண்ணிலும் படவில்லை.

அரசு ஊழியர் கதையை இங்கே கொண்டுவராதீர்கள். அவருடைய சம்பளத்தில் ஊரில் வீடு கட்ட முடியும். 2015 செப்டம்பரில் பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தபோது எங்கள் நாள் கூலி 232 ரூபாய். பெம்பிளை ஒருமை என்ற அந்தப் பெண்களின் அமைப்பு அத்தனை நாள் போராடி 301 ஆனது. கேட்டது 500. அந்தக் கூலியில் யார் மனை வாங்குவது?

கேரள நிலச்சீர்திருத்தத்தை நாடே புகழ்கிறது. ஊராட்சிப் பகுதியில் குடிகிடப்புக்காரருக்கு, அதாவது பிறர் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவருக்கு, பத்து சென்ட் வரை கிடைத்தது. அதே சட்டம் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தது. லயத்தில் இருந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவேயில்லை. 1971இல் மூணாற்றைச் சுற்றியுள்ள கண்ணன்தேவன் மலைகளுக்கென்றே தனிச் சட்டம் போட்டு, தோட்டத்துக்கு வேண்டியது போக மிச்ச நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. எங்கள் பாட்டிகளுக்கு அதில் ஒரு குழி கிடைக்கவில்லை. இப்போது கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்துக்குப் போனால், சொந்த மண் இருப்பவருக்கு வீடு கட்ட 4 லட்சம், மண் இல்லாதவர் வேறு வரிசையில் நில்லுங்கள் என்கிறார்கள். அந்த வரிசைக்காகச் சாதிச் சான்று வாங்கப் போனால், 1950க்கு முன்பே உன் முன்னோர் இங்கே இருந்ததற்குத் தாள் கொண்டுவா என்கிறார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி கூட்டிவந்தவருக்கு யார் தாள் கொடுத்தார்கள்?

சரிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று 1964ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளின்படி கொடுத்த பட்டா நிலத்தில் இந்த மாவட்டத்தில் எத்தனை மாடி விடுதிகள் நிற்கின்றன! அவற்றை ஒழுங்குபடுத்த 2023இல் சட்டத்தையே திருத்தினார்கள். விடுதி நிற்கலாம், எங்கள் அம்மாவின் இரண்டு அறை நின்றால் மட்டும் மலை சரிந்துவிடுமா?

ஓய்வுபெற்ற கள அலுவலர்:
விடுதிகளை நான் ஆதரிக்கவில்லை, அம்மா. அவற்றைக் கட்டவிட்டதும் தவறுதான். பணிக்கொடையைச் சாவிக்காக நிறுத்தி வைப்பதும் தவறு. என் காலத்திலும் நடந்தது, நானும் பேசாமல் இருந்தேன். ஆனால் நிலம் கொடுப்பதென்றால் சமதளமாகப் பார்த்து ஒரே இடத்தில் கொடுக்க வேண்டும். தனித்தனியாகச் சரிவில் கொடுப்பதை இப்போதும் எதிர்க்கிறேன்.

போடிமெட்டுக்காரன்:
தங்கச்சி சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் என் அப்பா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டா வரும், சங்கத்தில் பேசியிருக்கிறோம், தேர்தலுக்குப் பிறகு வரும் என்று முப்பது ஆண்டுகள் சொன்னார். கடைசியில் அவருக்குப் பந்தல் போட இடமில்லை. உரிமைக்குப் போராடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு ஏப்ரல் மாதம் எந்தக் கூரை என்று மட்டும் சொல்.

கொழுந்துக்காரி மகள்:
அண்ணா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இங்கே வந்து கேட்டேன்.

அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். போடி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "அங்கே எனக்கு யாரைத் தெரியும்? குளிர் இல்லாமல் எப்படித் தூங்குவது?" என்று கேட்டார். பிறகு, சாவியை இப்போது கொடுக்க மாட்டேன் என்றார்.

முன்பணம் கொடுக்கவில்லை. பணிக்கொடைக்குத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு எழுதிவிட்டோம். எங்கள் வரிசையில் இந்த ஆண்டு ஓய்வு பெறும் ஆறு பேரும் சேர்ந்து நிலத்துக்கான விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை வில்லேஜ் ஆபிசில் கொடுக்கிறோம். பத்திர எழுத்தர் ஐயா, தரகர் விட்டுப்போன தாளில் ஒரு சர்வே எண் இருக்கிறது. அனுப்பினால் வில்லங்கம் பார்த்துச் சொல்வீர்களா? பக்கத்து வீட்டு அக்கா ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டார்.

கம்பம் பத்திர எழுத்தர்:
அனுப்புங்கள். கட்டணம் வேண்டாம். அந்த அக்காவை மீதிப் பணம் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள்.