கோடியக்கரையில் சீமைக் கருவேலம் அகற்ற மாணவர்களை அழைத்துப் போகலாமா?

நாகை_நெய்தல்:
எங்கள் கல்லூரி இயற்கைக் கழகத்தில் 40 பேர். தை மாதம் கோடியக்கரைச் சரணாலயத்தில், வெளிமான் மேயும் புல்வெளியில் சீமைக் கருவேலத்தை வெட்டிவிட்டு அதே இடத்தில் வேம்பும் புங்கனும் நடலாம் என்று திட்டம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? என்ன கருவிகள் தேவை? அப்படியே ராமர் பாதமும் பார்க்க ஆசை.

பாலைமரம்:
கன்று நடும் யோசனையை முதலில் கைவிடுங்கள். வெளிமான் தூரத்திலேயே ஆபத்தைக் கண்டு ஓடித் தப்பிக்கிற விலங்கு. திறந்த வெளியில் வேம்பு நட்டாலும் அதன் பார்வையை மறைத்து, சீமைக் கருவேலம் செய்யும் அதே கெடுதலைத்தான் செய்வீர்கள். புல் தானாக வரும்.

அனுமதி: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 29 இருக்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஒரு செடியில்கூடக் கை வைக்க முடியாது. நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் இப்போதே பேசுங்கள்.

அடுத்து, தரையோடு வெட்டுவதில் பயனே இல்லை. துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குள் இருக்கின்றன. ஒரு தண்டை வெட்டினால் அடுத்த மழைக்குப் பத்துத் தண்டு கிளம்பும். சுற்றித் தோண்டி, 30 செ.மீ. ஆழத்துக்குக் கீழே ஆணிவேரை அறுக்க வேண்டும். கடப்பாரை, மண்வெட்டி, கோடாலி, முள்கிளையைத் தள்ளிப் பிடிக்கக் கவைக்கம்பு வேண்டும். ரப்பர் செருப்போடு ஒருவரையும் விடாதீர்கள். முள் அடிவரை ஏறி நுனி உள்ளேயே ஒடிந்தால் சீழ் வைக்கும்.

உப்பளக்காற்று:
பெரிய மரங்களை வனத்துறை பார்த்துக்கொள்ளட்டும். 40 மாணவர்களுக்கு ஏற்றது நாற்றுப் பிடுங்குவதுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஈரம் காயாத தை மாதத்தில் முழங்கால் உயரக் கன்று வேரோடு கையில் வரும். பங்குனியில் அதே கன்று பாதியில் அறுந்து நிற்கும்.

ஜேசிபி கேட்காதீர்கள். மண் புரண்டால் அடியில் கிடக்கும் விதை மேலே வந்து முளைக்கும். விதை பல ஆண்டு மண்ணில் உயிரோடு கிடக்கும் என்பதால் ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. அதே துண்டு நிலத்துக்கு வருடாவருடம் வர முடியுமா என்று யோசியுங்கள். காய் கண்ணில் பட்டால் சாக்கில் கட்டி வெளியே கொண்டுவாருங்கள். வெளிமானும் அங்கே திரியும் குதிரைகளும் காயைத் தின்று, சாணத்தோடு விதையைப் புல்வெளி முழுக்கப் பரப்புகின்றன.

பாலைமரம்:
ஒன்று விட்டுப்போயிற்று. முள் இருப்பதையெல்லாம் சீமை என்று பிடுங்கிவிடுவார்கள். பூ விரல் நீளக் கதிராகத் தொங்கினால் சீமை. மஞ்சள் உருண்டையாக இருந்தால் நாட்டுக் கருவேலம். விடத்தேர் பூ பாதி இளஞ்சிவப்பு, பாதி மஞ்சள். சங்கஞ்செடி, காரை, சூரை எல்லாம் இந்த மண்ணின் செடிகள். பூக்காத நாற்றில் குழப்பம் வரும், ஆகவே பத்துப் பேருக்கு ஒரு வனக்காவலர் கேளுங்கள்.

கோடிக்குழகர்_அடியான்:
ராமர் பாதம் காட்டுக்குள் ஒரு மணல்மேடு. அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் என்றாலும் நாலு மீட்டர்தான் இருக்கும்! ராமநவமிக்குக் கூட்டம் வரும், மற்ற நாளில் அமைதி. சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 சுனாமியில் இடிந்துவிட்டது, அதை நம்பிப் போக வேண்டாம். சுந்தரர் பாடிய குழகர் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வேதாரண்யத்திலிருந்து வரும்போது அகஸ்தியம்பள்ளியில் இறங்குங்கள். 1930இல் ராஜாஜி உப்பெடுத்த இடம்.

நாகை_நெய்தல்:
நன்றி. கன்று நடுவதை நிறுத்தியாச்சு. அனுமதி தாமதமானால் மாற்று ஏதாவது உண்டா?

உப்பளக்காற்று:
தை அமாவாசை நீராடலுக்கு மறுநாள் கடற்கரைக்குப் போங்கள். தர்ப்பணம் முடித்தவர்கள் விட்டுப்போன துணி, பிளாஸ்டிக் எல்லாம் அங்கே கிடக்கும். வெளிமான் மேய்ச்சல் நிலத்துக்குக் காற்று அடித்துக்கொண்டு போகும் முன் அள்ளிவிடலாம். இதற்கும் வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், குப்பை வண்டியை ஊராட்சியிடம் கேளுங்கள்.